வாண்டரர்ஸில் இறங்கிய தேனீக்கூட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2017 பிப்ரவரி 4, சனிக்கிழமை. ஜோகனஸ்பர்க் வாண்டரர்ஸ் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கும் இலங்கைக்கும் மூன்றாவது ஒருநாள் போட்டி. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகத் தென்னாப்பிரிக்க அணி இளஞ்சிவப்புச் சட்டை போட்டு ஆடும் நாள் அது. முதலில் ஆடிய இலங்கை நான்கு விக்கெட்டை இழந்து தடுமாறிக்கொண்டிருந்தது. 27-ஆவது ஓவரில், எங்கிருந்தோ வந்த ஒரு தேனீக்கூட்டம் மைதானத்தின் நடுப்பகுதியில் இறங்கியது. விக்கெட் கீப்பர் குவின்டன் டி காக் தரையில் கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டைச் சுற்றி மொய்க்க ஆரம்பித்தது. நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

மழைக்கு நிறுத்துவார்கள், வெளிச்சம் போதாவிட்டால் நிறுத்துவார்கள். இதற்கு என்ன செய்வது என்று மைதானத்தில் யாருக்கும் உடனே தெரியவில்லை. ஊழியர்கள் தீயணைப்பானைக் கொண்டுவந்து அடித்துப் பார்த்தார்கள். தேனீக்கள் போகவில்லை. கடைசியில் பியர் ஹெஃபர் என்ற தேனீ வளர்ப்பவர் வந்து கூட்டத்தைப் பிடித்து அப்புறப்படுத்தினார். அதற்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. அவர் வெளியேறியபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அன்று எந்த பேட்ஸ்மேனுக்கும் அவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்காது. பிறகு ஆட்டம் தொடர்ந்தது, இலங்கை 163 ரன்னுக்குச் சுருண்டது, தென்னாப்பிரிக்கா 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

விளையாட்டுப் பக்கங்கள் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டன. ஆனால் அழைக்காமல் வந்த தேனீக்களை மனிதர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதற்கு இவ்வளவு தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. பயம், அவசரம், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பது, அது பலிக்காமல் போவது, அப்புறம் விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுவது. நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இதே வரிசைதான். பல இடங்களில் கடைசிப் படி மட்டும் வருவதில்லை.

வந்தது குடியிருப்பு அல்ல, கூட்டம்

தேனீயைப் பார்த்ததும் நம்மில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, "எப்படி விரட்டுவது?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அங்கே அடை இருக்கிறதா, இல்லையா?

ஒரு தேனீக்குடும்பம் பெருகிக் கூடு நெருக்கடியானால் இரண்டாகப் பிரியும். பழைய ராணி, பணித்தேனீக்களில் பாதிக்கு மேல் கூட்டிக்கொண்டு வெளியேறும். கூட்டில் இருப்பவை புது ராணியை வளர்த்துக்கொள்ளும். பஞ்சமோ தொந்தரவோ வந்தால் மொத்தக் குடும்பமும் கூட்டை விட்டு ஓடிப்போவதும் உண்டு. இரண்டிலும் கிளம்புகிற தேனீக்கள் வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டுத்தான் கிளம்புகின்றன. வழிச்சோறு அதுதான். புது இடம் கிடைக்கும்வரை ஒரு கிளையிலோ, சுவரிலோ, நிறுத்தியிருக்கிற ஸ்கூட்டரிலோ கொத்தாகத் தொங்கும். வாண்டரர்ஸில் அந்த இடம் ஒரு ஹெல்மெட்.

இந்த நிலையில் அவற்றுக்குக் காப்பாற்ற ஒன்றும் கிடையாது. புழு இல்லை, முட்டை இல்லை, சேர்த்து வைத்த தேன் இல்லை. தேனீ கொட்டுவது பெரும்பாலும் கூட்டைக் காக்கத்தான்; ஒருமுறை கொட்டினால் கொடுக்கு நம் தோலில் மாட்டி, வயிறு கிழிந்து அது செத்துப்போகும். காக்க வீடே இல்லாதபோது உயிரைக் கொடுக்க அதற்குக் காரணமில்லை. அதனால்தான் தேனீ வளர்ப்பவர்கள் சிலர் இப்படித் தொங்கும் கொத்துக்குள் வெறுங்கையை விடுவதைப் பார்க்கிறோம். (நீங்கள் முயல வேண்டாம். பல நாள் பட்டினியாகத் தொங்கும் கூட்டமும் உண்டு, அதற்குப் பொறுமை குறைவு.)

இந்தக் கூட்டம் தொங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது தேனீ ஆராய்ச்சியிலேயே மிக அழகான கதை. 1949-இல் ஜெர்மனியின் மார்ட்டின் லிண்டாவர், மியூனிக்கில் ஒரு கூட்டத்தின்மேல் ஆடிக்கொண்டிருந்த தேனீக்களைப் பார்த்தார். பூவில் போய் வந்தவை போல மகரந்தம் பூசியிருக்கவில்லை. உடம்பெல்லாம் கரி, செங்கல் தூள். குண்டுவீச்சில் இடிந்து கிடந்த நகரத்தில் வீடு தேடி, புகைபோக்கிக்குள்ளும் சுவர்ப் பிளவுகளுக்குள்ளும் நுழைந்து பார்த்துவிட்டு வந்து, எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இடம் இருக்கிறது என்று அவை நடனமாடிச் சொல்லிக்கொண்டிருந்தன. பின்னாளில் அமெரிக்காவின் தாமஸ் சீலி இதை மேலும் நுணுக்கமாக ஆராய்ந்தார். ஐரோப்பியத் தேனீக்கள் தேடுவது சுமார் 40 லிட்டர் கொள்ளளவுள்ள பொந்து. வாசல் சின்னதாக இருக்க வேண்டும், தரையிலிருந்து உயரமாக இருக்க வேண்டும். வேவு பார்க்கப் போன தேனீக்கள் ஆளுக்கொரு இடத்தைச் சொல்லும். மெல்ல மெல்ல நல்ல இடத்துக்கு ஆதரவு கூடும். போதுமான அளவு சேர்ந்ததும் கூட்டம் கிளம்பிவிடும். சில மணி நேரத்திலும் முடியும், ஓரிரு நாளும் ஆகும்.

ஆக, மரக்கிளையிலோ கேட்டிலோ திடீரென ஒரு கொத்து தொங்கினால், அடை கண்ணுக்குத் தெரியாவிட்டால், முதல் வைத்தியம் சும்மா இருப்பது. அந்தப் பக்கம் ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, ஒரு நாள் பொறுத்தால் பெரும்பாலும் தானாகவே போய்விடும். சர்வதேசப் போட்டிக்கு நடுவில் அந்த ஒரு நாள் கிடையாது, அவ்வளவுதான்.

எந்தத் தேனீ என்பதும் முக்கியம்

ஜோகனஸ்பர்க் பகுதியின் தேனீ சாதாரணப்பட்டது அல்ல. ஸ்குட்டெல்லாட்டா என்று அழைக்கப்படும் ஆப்பிரிக்கப் புல்வெளித் தேனீ அது. 1956-இல் வார்விக் கெர் என்ற விஞ்ஞானி ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு ராணிகளைக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு ரியோ கிளாரோவில் 26 கூட்டங்கள் தப்பிப்போயின. அவற்றின் வாரிசுகள்தான் அமெரிக்கக் கண்டம் முழுக்கப் பரவி, 'கொலைகாரத் தேனீ' என்று பத்திரிகைகளில் பெயர் வாங்கியவை. வாண்டரர்ஸில் இறங்கியவை அவற்றின் தாய்நாட்டு உறவினர்கள். அப்படிப்பட்ட தேனீக்கள்கூட, கூட்டமாக அலைகிற நேரத்தில், ஆயிரக்கணக்கான மனிதர்கள் சூழ்ந்திருக்க, ஒரு ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டு கிடந்தன. இதே தேனீக்கள் மைதானக் கூரையில் அடை கட்டி, புழு வளர்த்துக்கொண்டிருந்து, யாராவது அங்கே தீயணைப்பானை அடித்திருந்தால் கதையே வேறு.

தீயணைப்பான் ஏன் பலிக்கவில்லை

ராணி எங்கே உட்காருகிறதோ அங்கேதான் மற்றவை கூடும். உட்கார்ந்த பணித்தேனீக்கள் பின்பக்கத்தைத் தூக்கி, சிறகை விசிறி, வால்நுனிச் சுரப்பியிலிருந்து ஒரு வாசனையைப் பரப்பும். எலுமிச்சம்புல் வாசனையோடு நெருங்கிய மணம் அது. தேனீ வளர்ப்பவர்கள் காலிப் பெட்டியில் எலுமிச்சம்புல் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைத்து அலையும் கூட்டங்களை ஈர்ப்பது இதனால்தான். 'இங்கே வாருங்கள், ராணி இங்கே இருக்கிறாள்' என்ற அந்தச் செய்தி இருக்கிறவரை, காற்றாலோ பொடியாலோ அடித்துக் கலைத்தால் தேனீக்கள் எழும்பும், சுற்றும், மறுபடி அங்கேயே வந்து உட்காரும். கலைக்கிறவர் செய்தது, அமைதியாக ஓரிடத்தில் இருந்ததை இடம் முழுக்கப் பறக்கவிட்டது மட்டுமே.

தேனீ வளர்ப்பவர் செய்வது நேர்மாறானது. விரட்டுவதில்லை, வீடு கொடுக்கிறார். கொத்துக்குக் கீழே பெட்டியைப் பிடித்து, கிளையை ஒரே உலுக்காக உலுக்குவார், அல்லது மென்மையான தூரிகையால் தள்ளுவார். ராணி உள்ளே விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெட்டியின் விளிம்பில் நாலைந்து தேனீக்கள் பின்பக்கத்தைத் தூக்கி விசிறத் தொடங்கினால் ராணி உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். வெளியே சுற்றுபவை தானாக வரிசை கட்டி நடந்து உள்ளே போகும். ராணி விழாவிட்டால், உள்ளே போனதெல்லாம் திரும்ப வெளியே வந்துவிடும். அனுபவம் என்பது இங்கே பெரும்பாலும் இந்த ஒரு அறிகுறியைக் கண்டு காத்திருக்கத் தெரிவதுதான்.

கிரிக்கெட்டில் இது முதல்முறையோ கடைசிமுறையோ அல்ல. 2019 ஜூன் 28, உலகக் கோப்பை, இங்கிலாந்தின் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட். வேடிக்கை என்னவென்றால் அதே இரண்டு அணிகள். இலங்கை பேட்டிங்கின் கடைசி ஓவர்களில் ஒரு கூட்டம் மைதானத்தைக் கடந்தது. ஆட்டக்காரர்களும் நடுவர்களும் குப்புறப் படுத்தார்கள். கூட்டம் தலைக்குமேல் போயிற்று, எழுந்தார்கள், ஆடினார்கள். யாரும் தீயணைப்பானைத் தேடவில்லை. அங்கே கூட்டம் இறங்கவில்லை, போய்க்கொண்டிருந்தது. அதற்கு வழி விட்டால் போதும்.

ஏன் இவ்வளவு பாடு?

ஒரு பாட்டில் பூச்சிக்கொல்லி ஸ்பிரே போதுமே, எதற்கு ஆள் தேடி அலைய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் தேனைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தேன் கடையில் கிடைக்கிறது. காய்கறியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் நான்கில் மூன்று பங்கு, ஏதோ ஓரளவுக்காவது மகரந்தம் சுமக்கும் உயிர்களை நம்பியிருக்கிறது. இதைச் சொல்லும்போது சிலர் ஒரேயடியாக, தேனீ போனால் மனித இனமே நாலு வருஷத்தில் அழிந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். அது அதிகப்படி. நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் தேனீயைக் கேட்பதில்லை. உற்பத்தி அளவில் பார்த்தால் மகரந்தம் சுமப்பவற்றைச் சார்ந்த பயிர்களின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். சோறு இருக்கும். குழம்பில் போடத்தான் எதுவும் இருக்காது.

பூசணி, சுரை, பாகல், புடலை, பீர்க்கன் எல்லாவற்றிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் பிஞ்சு முதலிலேயே சின்னதாக இருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அது இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகி உதிரும். குறைவாகச் சேர்ந்தால் காய் ஒருபக்கம் பருத்து ஒருபக்கம் சூம்பிக் கோணலாக வளரும். மாடித்தோட்டம் போட்டவர்கள் "பூ பூக்குது, காய் நிற்க மாட்டேங்குது" என்று புலம்புவதில் பாதி இந்தக் கதை. காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவிப் பாருங்கள். அந்த வேலையை ஒரு ஏக்கருக்கு ஆள் வைத்துச் செய்தால் கூலி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டால், பக்கத்து மாமரத்துத் தேன்கூட்டின் மதிப்பு தெரிந்துவிடும். சூரியகாந்தியும் கொத்தமல்லியும் விதை பிடிப்பதிலும் தேனீக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் கட்டடங்களுக்கு வருவோம்

வாண்டரர்ஸ் பாடத்தை அப்படியே இங்கே எடுத்துவந்தால் ஆபத்து. அங்கே இறங்கியது அலைகிற கூட்டம். நம் ஊரில் புகார் வருவது பெரும்பாலும் அடை கட்டிக் குடியேறியவற்றைப் பற்றி. அதிலும் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, இந்தியத் தேனீ. இருட்டான பொந்துக்குள் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும். மின்மீட்டர்ப் பெட்டி, சுவர்ப் பொந்து, பரணில் கவிழ்த்த பானை எதுவும் அதற்குப் போதும். பெட்டியில் வளர்க்கக்கூடியது இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் வட்டாரத்தில் குடிசைத் தொழிலாக வளர்க்கிறார்களே, அதே தேனீ. ஆகவே இதைக் கொல்வது முட்டாள்தனம் என்பேன். பிடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். வேலை தெரிந்தவர் அந்தி நேரத்தில் வருவார், லேசாகப் புகை காட்டுவார். அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, தேன் இருக்கும் மேல்பகுதியை ஒதுக்கிவிட்டு, புழு இருக்கும் பகுதியை மரச்சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்டுவார். கம்பியோ நைலானோ வேண்டாம். வாழைநாரைத் தேனீக்களே சில நாளில் கடித்து வெளியே தள்ளிவிடும், அதற்குள் மெழுகு வைத்து அடையைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். ராணியைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டால் மற்றவை பின்தொடரும். இருட்டிய பிறகு வாசலை மூடி, சில கிலோமீட்டர் தள்ளி எடுத்துப்போக வேண்டும். பக்கத்துத் தெருவில் வைத்தால் காலையில் வெளியே போன தேனீக்கள் பழைய மீட்டர்ப் பெட்டிக்கே திரும்பி வந்து நிற்கும்.

இரண்டாவது, மலைத்தேனீ. இதுதான் பத்திரிகையில் வருவது. உயரமான கட்டடத்தின் சன்ஷேடு, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், பாலம், ஆலமரம் என்று திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டும். அடை ஒரு மீட்டருக்கு மேல் அகலமாகவும் வளரும். அடையே கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் பல அடுக்காகத் தேனீக்கள் திரைபோல மூடியிருக்கும். குளவியோ பறவையோ நெருங்கினால் அந்தத் திரையில் ஒரு அலை ஓடும். ஒவ்வொரு தேனீயும் வயிற்றுப் பகுதியை நொடிப்பொழுதில் உயர்த்தித் தாழ்த்துவதால் எழும் பளபளப்பு அது. கீழே நின்று அந்த அலையை அடிக்கடி பார்க்கிறீர்கள் என்றால் கூடு பதற்றத்தில் இருக்கிறது, தள்ளிப் போங்கள்.

மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பிடித்து இடம் மாற்றுவதும் நடைமுறையில் ஆகாத காரியம். ஆனால் ஒரு நல்ல செய்தி: அது நிரந்தரமாகத் தங்குவதில்லை. பூ இருக்கும் காலத்துக்கு வந்து, பூவரத்து குறைந்ததும் மொத்தமாகக் கிளம்பி வேறு பகுதிக்குப் போய்விடும். ஆண்டுதோறும் அதே கட்டடத்துக்கு, அதே மாடிக்குத் திரும்பி வருவதும் உண்டு. குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் இதை எடுத்துச் சொன்னால் உடனே எழும் பதில், "நீங்க வந்து அந்தப் பால்கனியில துணி காயப்போடுங்க சார்." நியாயமான பதில்தான். ஏழாவது மாடியில், யாரும் புழங்காத சுவரில் தொங்குகிற கூட்டை விட்டுவைக்கலாம். அங்கன்வாடி வாசலுக்கு மேலே தொங்குவதை விட்டுவைக்க முடியாது. இடத்தைப் பார்த்துத்தான் முடிவு.

விட்டுவைப்பதென்று முடிவானால் சில கட்டுப்பாடுகள் வேண்டும். கூட்டுக்கு அருகில் இரவு விளக்கை அணைத்து வைக்க வேண்டும்; மலைத்தேனீ வெளிச்சத்துக்கு வரும், காலையில் டியூப்லைட்டுக்குக் கீழே குவிந்து கிடப்பது அதனால்தான். பக்கத்து வீடுகளின் சன்னலுக்குக் கொசுவலை அடிக்க வேண்டும். கீழே குப்பை எரிக்கக் கூடாது, பட்டாசு வெடிக்கக் கூடாது. மரத்தடிக் கோயிலில் பொங்கல் வைத்த புகையாலும், இறுதி ஊர்வலத்தில் போட்ட வெடியாலும் கலைந்த கூடுகள் பற்றிய செய்திகள் நமக்குப் புதிதல்ல. சில நேரம் நாம் ஒன்றுமே செய்யாமல் கூடு கலையும். தேன்பருந்து வந்து அடையைப் பிய்த்திருக்கும், கோபம் கீழே போகிறவர்மேல் விழும்.

அகற்றியே ஆக வேண்டுமென்றால் தீயணைப்புத் துறையை அழைக்கலாம். தமிழ்நாட்டில் அவர்கள் இந்த வேலைக்கும் வருகிறார்கள். ஆனால் அவசரத்தில் பல இடங்களில் நடப்பது தீப்பந்தம் காட்டுவதுதான். ஆயிரக்கணக்கில் செத்து விழும், மிஞ்சியது அடுத்த பால்கனிக்குப் போகும். பழகிய தேன் எடுப்பவர் கிடைத்தால், அந்தி சாய்ந்த பிறகு புகை போட்டுத் தேனீக்களை அடையிலிருந்து நகர்த்தி, பிறகு அடையை அறுப்பார். புகை இரண்டு வேலை செய்கிறது: கொட்டிய இடத்தில் கிளம்பும் எச்சரிக்கை வாசனையை மறைக்கிறது, தேனீக்களைத் தேன் குடிக்க ஓடவைக்கிறது. அந்த எச்சரிக்கை வாசனை கனிந்த வாழைப்பழ மணம்போல இருக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது காரணமில்லாமல் வாழைப்பழம் மணத்தால் ஓடுவது நல்லது.

மருந்து அடிப்பது எல்லாவற்றிலும் மோசமான வழி. சுவர்ப் பொந்துக்குள் அடித்தால் தேனீ செத்துவிடும், அடை உள்ளேயே இருக்கும். காற்று விசிறிக் கூட்டின் சூட்டைச் சீராக வைக்க ஆளில்லாமல் மெழுகு இளகி, தேன் சுவரில் கசிந்து, எறும்பும் மெழுகுப் பூச்சியும் வந்து சேரும். அந்த அடைத் தேனை யாராவது பிழிந்து விற்றால் இன்னும் கேடு.

இடம் மாற்றுவதும் எப்போதும் புண்ணியமல்ல

இதைத் தேனீ ஆர்வலர்கள் அதிகம் பேசுவதில்லை. 'கொல்லாதே, இடம் மாற்று' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாண்டரர்ஸ் இருக்கும் அதே ஹைவெல்ட் பகுதியில் 1990-இல் நடந்ததைப் பார்க்க வேண்டும். தெற்கே கேப் பகுதித் தேனீக்கூடுகளைத் தேனீ வளர்ப்பவர்கள் வடக்கே கொண்டுவந்து வைத்தார்கள். கேப் தேனீயின் விசித்திரம், அதன் பணித்தேனீ ஆண் சேராமலே பெண் குஞ்சுகளைப் பிறப்பிக்கும். அவை உள்ளூர் ஸ்குட்டெல்லாட்டா கூடுகளுக்குள் புகுந்து, வேலை செய்யாமல் முட்டை மட்டும் இட்டு, கூட்டையே காலி செய்தன. பல்லாயிரம் பெட்டிகள் அழிந்தன.

நம் பக்கத்துக் கதையும் அதே காலத்தது. 1991-இல் கேரளத்தில் தலைகாட்டிய தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய், தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் பரவி, தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூடுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அழித்தது. புழு சாறு நிரம்பிய பைபோல உப்பி அடைக்குள்ளேயே செத்துக் கிடக்கும். மார்த்தாண்டத்துக் குடும்பங்கள் காலிப் பெட்டிகளோடு நின்ற காலம் அது. இத்தகைய நோய் கூடுகளை இங்குமங்கும் எடுத்துப்போகும்போதும் பயணம் செய்யும். ஆகவே பிடித்த கூட்டை நேராகப் பலருடைய பெட்டிகளுக்கு நடுவில் கொண்டுபோய் வைப்பவரைவிட, சில வாரம் தனியே வைத்துப் புழு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்ப்பவர் மேல்.

தள்ளி நிற்க முடியாதவர்கள்

தள்ளி நில்லுங்கள் என்ற அறிவுரை செல்லாத ஒரு இடம் உண்டு. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவி கொட்டி மருத்துவமனைக்குப் போவது அங்கே அடிக்கடி வரும் செய்தி. செய்தியில் குளவி என்று வருவது சில நேரம் உண்மையான குளவி, சில நேரம் மலைத்தேனீ. மேலே நிழல் மரத்தில் கூடு, கீழே இடுப்புயரத் தேயிலைச் செடி, முதுகில் கூடை, சரிவான நிலம். ஓட வழியில்லை. இவர்களிடம் தேனீயின் அருமையைப் பேசுவது அபத்தம். மலைக்கு ஆள் அனுப்புவதற்கு முன்பே மரங்களைப் பார்த்து, கூடு இருக்கும் பகுதியை ஒதுக்கி, தேவையானால் அகற்றுவது தோட்ட நிர்வாகத்தின் வேலை.

கொட்டிவிட்டால்: கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, மூடிய அறைக்கோ வாகனத்துக்கோ ஓட வேண்டும். கிணற்றிலோ குளத்திலோ குதிப்பது உதவாது, தலை தூக்கும்வரை மேலே காத்திருக்கும். தேனீயின் கொடுக்கு தோலில் நின்றபடியே சில நொடிகளுக்கு விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டியோ கிள்ளியோ எப்படியாவது சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம், முறை முக்கியமல்ல. சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மூச்சுத்திணறல், தொண்டை அடைப்பு, தலைசுற்றல், உடம்பெல்லாம் தடிப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் ஒரு கொட்டாக இருந்தாலும் உடனே 108. அட்ரினலின் ஊசி போட வேண்டிய நிலை அது. நிறையக் கொட்டு வாங்கியவர் அப்போதைக்குத் தெளிவாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு பிறகு தெரியவரும்.

ஆளைக் கூப்பிடும்போது

கூடு எடுக்க ஆள் வேண்டுமென்றால் பூச்சி மருந்து நிறுவனத்துக்கு முன்னால் தேனீ வளர்ப்பவர்களைத் தேடுங்கள். கோவையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறது. அங்கே விசாரித்தால் பயிற்சி பெற்ற யாராவது உங்கள் ஊர்ப் பக்கம் இருப்பார்கள். வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த வகைத் தேனீ என்று. பார்க்காமலே போனில் ரேட் சொல்பவரை நம்ப வேண்டாம். மருந்து அடிப்பாரா, பகலில் எடுப்பாரா இரவிலா, எடுத்ததை எங்கே வைப்பார் என்று கேளுங்கள். கூட்டை எடுத்த பிறகு மெழுகைச் சுத்தமாகச் சுரண்டிப் பொந்தைச் சிமென்ட் வைத்து அடைப்பது யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். மெழுகு வாசனை இருந்தால் அடுத்த கூட்டம் நேராக அங்கேதான் வரும், அவருக்கு மறுபடியும் வேலை கிடைக்கும்.